சுவடும் வரியும்: இந்தியா தன் புலிகளை எண்ணக் கற்ற கதை

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராஜஸ்தான் மாநிலம் அல்வர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு செய்தி நாட்டையே உலுக்கியது. சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகளே இல்லை என்பதுதான் அச்செய்தி. தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய காடு அது. 1978 முதல் புலிகள் காப்பகம் என்னும் தகுதியுடன் இயங்கிவந்த காடும்கூட. முந்தைய ஆண்டின் அரசுக் கணக்கு அங்கே பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் வாழ்வதாகச் சொல்லியிருந்தது. தேடிச் சென்றவர்களுக்கு ஒன்றுகூடத் தென்படவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை களமிறங்கியது. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் தேடினர். வேட்டைக்காரர்கள் கடைசிப் புலிவரை கொன்று முடித்திருந்தனர் என்பது உறுதியாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சரிஸ்காவில் இருந்தவை ஏட்டுப் புலிகள்.

புலிகள் கொல்லப்பட்டது எப்படி என்பது ஒரு கேள்வி. அதற்கான விடை வேட்டைக் கும்பல்களிடமும் தோல் வணிகத்திலும் இருந்தது. இல்லாத புலிகள் ஆண்டுதோறும் கணக்கில் எப்படி உயிர்வாழ்ந்தன என்பது இன்னொரு கேள்வி. அதற்கான விடை நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒடிசாவின் காடுகளில், மண்ணில் பதிந்த காலடிகளைக் கண்ணாடித் தகட்டின்மீது வரைந்துகொண்டிருந்த ஒரு வனத்துறை அதிகாரியிடம் தொடங்குகிறது. கணினியின் கண்கள் இன்று கோடிக்கணக்கான படங்களுக்கிடையே புலியைத் தேடிக்கொண்டிருக்கின்றன என்றால், அந்த இடத்துக்கு இந்தியா வந்து சேர்ந்த வழி சரிஸ்காவின் வெறுமை வழியாகத்தான் சென்றது.

சரோஜ் ராஜ் சௌத்ரி என்பது அந்த அதிகாரியின் பெயர். பின்னாளில் சிம்லிபால் புலிகள் காப்பகத்தின் முதல் கள இயக்குநரானவர். 1974இல் கைரி ஆற்றங்கரையில் கிடைத்த ஒரு பெண்புலிக்குட்டியைத் தன் வீட்டிலேயே வளர்த்து, அதற்கு ஆற்றின் பெயரையே சூட்டியவர் என்பதால் ஒடிசாவில் அவர் பெயர் இன்றும் நினைவில் இருக்கிறது. 1966இல் அவர் உருவாக்கிய முறை மிக எளிமையானது. புலி தடத்தை விட்டு நடக்காது. பெரும்பாலும் காட்டு வழிகளையும் ஓடைப் படுகைகளையும் ஒட்டியே செல்லும். புழுதியிலும் ஈரமணலிலும் அதன் கால் பதியும். பதிந்த காலடியின்மேல், குறிப்பாக இடது பின்னங்காலின் தடத்தின்மேல், கால்கள் பொருத்திய கண்ணாடித் தகட்டை வைத்து அதன் விளிம்பை வரைய வேண்டும். பிறகு அதைக் காகிதத்தில் படியெடுக்க வேண்டும். ஆண்புலியின் தடம் ஏறத்தாழச் சதுரத்துக்குள் அடங்கும். பெண்புலியின் தடம் நீள்சதுரத்துக்குள் அடங்கும். விரல்களின் இடைவெளி, குதிகால் திண்டின் வடிவம், அடி வைக்கும் தொலைவு ஆகியவற்றை ஒப்பிட்டால் இன்ன தடம் இன்ன புலியுடையது என்று பிரித்துவிடலாம் என்பதே அம்முறையின் நம்பிக்கை.

ஆங்கிலத்தில் இத்தடத்தைக் குறிக்கும் 'பக்மார்க்' என்ற சொல்லின் முற்பாதி இந்தியிலிருந்து போனது. 'பக்' என்றால் அடி. காட்டு ஒற்றையடிப் பாதையைக் குறிக்கும் 'பக்டண்டி'யிலும் அதே சொல்தான் இருக்கிறது. வேட்டைக்கு வந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்கு வழிகாட்டியவர்களிடமிருந்து விலங்கின் தடத்தோடு அதன் பெயரையும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். சுவடு பார்க்கும் அறிவு காட்டில் வாழ்ந்தவர்களுடையது என்பதற்கு அச்சொல் ஒரு சான்று. தமிழில் இதற்கு இணையாகச் சுவடு என்ற சொல் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் அதைவிடப் பொருத்தமாக வந்து நிற்கும் தமிழ்ச்சொல் வேறொன்று. புலியின் உடலில் ஓடும் கோட்டுக்கும், ஏட்டில் எழுதப்படும் எழுத்தின் நிரலுக்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது: வரி. வரிப்புலி என்று சொல்லும்போது புலி படிக்கத்தக்க ஒன்றாகிவிடுகிறது. அப்படி ஒரு நாள் படிக்கப்படும் என்று அச்சொல்லை வழங்கியவர்கள் எண்ணியிருக்க வழியில்லை.

புலியின் வரிகளைப் படிக்க முடியும் என்பதை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் ஃபிரடெரிக் வால்டர் சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில், இன்றைய உத்தரகண்ட் பகுதிக் காடுகளில் பணியாற்றிய பிரித்தானிய வன அதிகாரி. அவருடைய உடன்பிறந்தவர் ஹாரி சாம்பியன் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய பணிக்காக வனவியல் மாணவர்களுக்கு இன்றும் பாடமாக இருப்பவர். தம்பியோ தன் சக அதிகாரிகள் துப்பாக்கியுடன் திரிந்த காலத்தில் கேமராவுடன் திரிந்தார். புலி நடமாடும் வழியின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டுவார். இரவில் அக்கம்பியைப் புலியின் கால் தட்டியதும் மக்னீசியப் பொடி பளீரென எரியும். கேமரா தானே படம் பிடித்துக்கொள்ளும். 1925இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அவருடைய புலிப் படங்கள் வெளியாயின. 1927இல் 'வித் எ கேமரா இன் டைகர்-லேண்ட்' என்ற நூல் வந்தது. ஒரே விலங்கின் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, எந்த இரு புலிக்கும் வரிகள் ஒன்றாக இருப்பதில்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. வேட்டைக்காரரான ஜிம் கார்பெட் துப்பாக்கியை விட்டுக் கேமராவைக் கையில் எடுத்ததற்குச் சாம்பியனின் தாக்கமும் ஒரு காரணம்.

ஆயினும் அந்த அறிவு எண்ணும் கருவியாக மாற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. இடையில் 1960களில் ஜார்ஜ் ஷேலர் கன்ஹா காட்டில் புலிகளை முகக் கோடுகளால் அடையாளம் கண்டு பின்தொடர்ந்தார். நேபாளத்தின் சித்வனில் சார்லஸ் மெக்டூகல் அதே வழியைக் கேமராவின் துணையுடன் மேற்கொண்டார். இந்திய அரசுக்கோ அப்போது அவசரமாகத் தேவைப்பட்டது ஓர் எண். 1969இல் தில்லியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மாநாட்டில் புலியின் நிலை குறித்த கவலை உரக்க எழுந்தது. மூன்றாண்டுகளில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சௌத்ரியின் முறையைக் கொண்டு நாடு முழுவதும் 1972இல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. கிடைத்த எண் 1,827. அந்த எண்ணின் அதிர்ச்சியில் 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. அந்த வகையில் சுவடு பார்த்த முறைக்கு இந்தியப் புலிகள் கடன்பட்டிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. எத்தனை குறைகள் இருந்தாலும், ஒரு நாட்டைத் திடுக்கிட வைத்தது அந்த எண்தான்.

அடுத்த பதினேழு ஆண்டுகளில் எண்கள் ஏறின. 1989 கணக்கில் 4,334 புலிகள். ஆளுங்கட்சிகள் மாறின, அதிகாரிகள் மாறினர், முறை மாறவில்லை. 2001-02இல் 3,642.

இந்த ஏற்றத்தைக் குறித்து முதலில் ஐயம் எழுப்பியவர்களுள் கர்நாடகத்தைச் சேர்ந்த உல்லாஸ் கரந்த் முக்கியமானவர். பொறியியல் படித்து, பின்னர் வனவிலங்கு அறிவியலுக்கு வந்தவர். 1980களில் அவர் செய்த ஒரு சோதனை எளிமையால் அழகானது. கூண்டில் வளர்ந்த 4 புலிகளின் கால்தடங்களை வெவ்வேறு மண்பரப்புகளில் பதியவைத்துப் பல படிகள் எடுத்தார். அவற்றை அனுபவம் வாய்ந்த வன அதிகாரிகளிடம் கொடுத்து, இவை எத்தனை புலிகளுடையவை என்று கேட்டார். அவர்கள் சொன்ன எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை; உண்மையான எண்ணிக்கையைவிட மிகுதியாகவும் இருந்தன. ஒரே கால் ஈரமணலில் ஒரு வடிவமாகவும், புழுதியில் வேறொரு வடிவமாகவும் பதிகிறது. ஓடும்போது ஒன்றாகவும் நிற்கும்போது மற்றொன்றாகவும் தெரிகிறது. அதைக் கண்ணாடித் தகட்டில் வரைபவரின் கை நடுங்கினாலும் ஒரு புதிய புலி பிறந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் கரந்த் நாகரஹொளேக் காட்டில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினார். சாம்பியனின் கம்பிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கற்றை. விலங்கு அதை மறித்ததும் படம் பதியும். புலியின் இடப்புற வரிகளும் வலப்புற வரிகளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா எதிரெதிரே நிற்க வேண்டும். அக்காலத்தில் அவற்றில் இருந்தவை படச்சுருள்கள். ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள். மான்கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டே கடந்துபோனால் சுருள் தீர்ந்துவிடும்.

கேமரா பிடித்த புலிகளை எண்ணுவதோடு அம்முறை நிற்கவில்லை. கேமராவில் விழாத புலிகளையும் கணிப்பதில்தான் அதன் வலிமை இருந்தது. ஒரு குளத்தில் 50 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுவதாக வைத்துக்கொள்ளலாம். மறுநாள் 40 மீன்கள் வலையில் விழுகின்றன. அவற்றுள் 10 மீன்களில் அடையாளம் இருக்கிறது. அதாவது நான்கில் ஒரு பங்கு. அப்படியானால் முதல்நாள் அடையாளமிட்ட 50 மீன்களும் குளத்தில் உள்ள மொத்த மீன்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மொத்தம் 200 இருக்கலாம். புலிக்கு யாரும் அடையாளமிட வேண்டியதில்லை. பிறக்கும்போதே அது தன் பெயரை உடலில் எழுதிக்கொண்டு வருகிறது. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜேம்ஸ் நிக்கல்ஸுடன் சேர்ந்து கரந்த் 1998இல் வெளியிட்ட ஆய்வு, நூறு சதுர கிலோமீட்டருக்குப் பெஞ்ச்சில் ஏறத்தாழ 4 புலிகளும் காசிரங்காவில் ஏறத்தாழ 17 புலிகளும் இருப்பதாகக் காட்டியது. ஒவ்வோர் எண்ணுக்கும் பிழை எல்லையும் தரப்பட்டிருந்தது. தன் பிழையைத் தானே அறிவிக்கும் எண் இந்தியப் புலிக் கணக்கில் அதற்குமுன் அரிது.

இவையெல்லாம் அச்சில் வந்த பிறகும் அரசின் கணக்கெடுப்பு கண்ணாடித் தகட்டுடனேயே தொடர்ந்தது. ஆய்விதழில் வந்த கட்டுரை வனச்சரக அலுவலகத்தை எட்டுவதற்குப் பொதுவாக ஒரு பேரழிவு தேவைப்படுகிறது. அது சரிஸ்காவில் நிகழ்ந்தது.

2005 ஏப்ரலில் சுனிதா நாராயண் தலைமையில் புலிகள் பணிக்குழு அமைக்கப்பட்டது. ஆகஸ்டில் அதன் அறிக்கை வந்தது. அவ்வறிக்கையில் உள்ள பலவற்றுள் சரிஸ்காவைப் பற்றிய ஒரு சிறு ஒப்பீடு தனித்து நிற்கிறது. ஒரு நிரையில் ஆண்டுதோறும் வெளியான அதிகாரபூர்வப் புலி எண்ணிக்கை. அது பல ஆண்டுகள் இருபத்தைந்தை ஒட்டியே அசையாமல் நிற்கிறது. மற்றொரு நிரையில் அதே ஆண்டுகளில் வனப் பணியாளர்கள் கண்ணால் கண்ட புலிகளின் எண்ணிக்கை. அது படிப்படியாகத் தேய்ந்து சுழியத்தில் முடிகிறது. இரண்டும் ஒரே துறையின் கையில் இருந்த தகவல்கள். காவலர்கள் புலி குறைவதைக் கண்டிருந்தார்கள், பதிவும் செய்திருந்தார்கள். மேலே போன எண்ணில் மட்டும் அந்தக் குறைவு ஏறவில்லை.

எனவே சுவடு பார்த்தவர்களின் அறியாமையால் இது நேர்ந்தது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. தன் காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த காவலர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். புலி குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்; கூடினால் பாராட்டு வரும். அத்தகைய அமைப்பில் எண்கள் இறங்குவதற்கு வழியே கிடையாது. கண்ணாடித் தகட்டில் வரைந்த தடத்தின் பெரிய குறை அதன் துல்லியமின்மைகூட அன்று. வரைந்தவர் சொல்வதை வேறொருவர் சரிபார்க்க முடியாது என்பதே. மழை பெய்ததும் மூலச் சான்று மண்ணோடு கரைந்துவிடும். புகைப்படம் கரையாது. அதை எடுத்தவரை நம்பாதவரும் பத்தாண்டு கழித்து அதே படத்தை எடுத்துப் பார்த்து வாதிடலாம்.

பணிக்குழுவுக்குப் பின் முறை மாறியது. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் யாதவேந்திரதேவ் ஜாலா, கமர் குரேஷி ஆகியோர் வடிவமைத்த புதிய திட்டத்தில் முதற்கட்டம் காவலர்களுடையது. ஒவ்வொரு காவற்சுற்றிலும் அவர்கள் நடந்து எச்சம், கீறல், சுவடு, இரை விலங்குகள் ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். அதாவது சுவடு பார்க்கும் கலை கைவிடப்படவில்லை. 'இது எந்தப் புலி' என்ற கேள்வியிலிருந்து அது விடுவிக்கப்பட்டு, 'இங்கே புலி உண்டா' என்ற கேள்விக்குத் திருப்பப்பட்டது. அந்தக் கேள்விக்குச் சுவடு எப்போதும் நேர்மையாகவே விடை சொல்லும். அடுத்தகட்டம் தானியங்கிக் கேமராக்களுடையது. ஆவணங்களின் மொழியும் மாறியது. 'கணக்கெடுப்பு' போய் 'மதிப்பீடு' வந்தது. தலை எண்ணிச் சொல்வதாகத் தோன்றும் சொல்லுக்குப் பதில், ஒரு வரம்புக்குள் கணித்துச் சொல்வதை ஒப்புக்கொள்ளும் சொல். தமிழ் நாளிதழ்கள் இன்றும் பழைய சொல்லையே எழுதுகின்றன.

2008இல் வெளியான முதல் மதிப்பீடு 1,411. கீழெல்லை 1,165, மேலெல்லை 1,657. சுந்தரவனம் அதில் சேர்க்கப்படவில்லை. எனவே 3,642க்கும் 1,411க்கும் இடைப்பட்ட வீழ்ச்சி முழுவதையும் இறந்த புலிகளாகக் கொள்வது தவறு. அதில் ஒரு பகுதி பிறக்கவே பிறக்காத புலிகள். ஆனால் 2010இல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் வழியாக 1,411 என்ற எண் வீடுதோறும் போய்ச் சேர்ந்தபோது இந்த நுணுக்கம் எதுவும் உடன் போகவில்லை.

அதன்பின் 2010இல் 1,706, 2014இல் 2,226, 2018இல் 2,967. இந்த ஏற்றத்துக்கு இணையாக வேறொன்றும் ஏறியது: படங்களின் குவியல். படச்சுருள் மறைந்து நினைவட்டை வந்ததும் கேமரா எதையும் விட்டுவைக்காமல் பதியத் தொடங்கியது. 2018 மதிப்பீட்டில் 26,838 இடங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டன. விழுந்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலி இருந்தவை 76,651 மட்டுமே. சிறுத்தை இருந்தவை 51,777. எஞ்சிய மூன்று கோடியே நாற்பத்தேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் மானும் பன்றியும் யானையும் மாடும் காற்றில் ஆடிய கிளையும் மனிதர்களும் இருந்தனர். உலகின் மிகப் பெரிய கேமரா ஆய்வு என்று கின்னஸ் நூல் அதை ஏற்றுக்கொண்டது. சாதனைதான். ஆனால் ஒருவர் நொடிக்கு ஒரு படம் வீதம் இரவுபகல் ஓயாமல் பார்த்தாலும் அக்குவியலை முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும்.

இங்கேதான் கணினிப் பார்வை உள்ளே வருகிறது. அதன் வேலை இரண்டு படிகளாகப் பிரிந்திருக்கிறது. முதற்படி சலித்தெடுப்பது. முன்பே மனிதர்கள் பெயரிட்டு வைத்த ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது புள்ளிமான், இது காட்டுப்பன்றி, இது வெற்றுப்படம் என்று நரம்பியல் வலையமைப்பு ஒன்றைப் பழக்குகிறார்கள். 'கேட்ராட்' என்னும் மென்பொருள் இவ்வாறு இனம் இனமாகப் படங்களைப் பிரித்துத் தருகிறது. மாதக்கணக்கான உழைப்பு வெகுவாகச் சுருங்குகிறது.

இரண்டாம் படி நுண்மையானது. புலி என்று தெரிந்த படத்தில், அது எந்தப் புலி? புலி சமதளமான காகிதம் அன்று. அது திரும்பினால், குனிந்தால், மலையேறினால் வரிகள் நெளிகின்றன. லெக்ஸ் ஹிபியும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட முறை இதற்கு ஒரு வழி கண்டது. புலியுடலின் முப்பரிமாண உருவம் ஒன்றைக் கணினியில் அமைத்து, படத்தில் உள்ள தோள், இடுப்பு, வால் முதலிய இடங்களோடு அதைப் பொருத்துகிறார்கள். பிறகு வரிகளை அந்த உருவத்திலிருந்து உரித்துச் சமதளத்தில் விரிக்கிறார்கள். இப்போது இரண்டு புலிகளின் வரிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட முடியும். கணினி ஒற்றுமை மதிப்பெண் தரும். மிக நெருங்கியவற்றை வரிசைப்படுத்திக் காட்டும். இறுதித் தீர்ப்பு மனிதக் கண்ணுடையது. 2018இல் இப்படித் தனித்தனியே அடையாளம் காணப்பட்ட புலிகள் 2,461. கதையின் இருண்ட திருப்பம் ஒன்று: உரித்து விரிக்கும் அதே முறை, உண்மையிலேயே உரிக்கப்பட்ட தோலுக்கும் பொருந்துகிறது. கடத்தலில் பிடிபடும் தோலின் வரிகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டால், எந்தக் காட்டின் எந்தப் புலி கொல்லப்பட்டது என்று சொல்லிவிட முடியும். சரிஸ்காவின் புலிகளுக்கு அத்தகைய பதிவேடு இருக்கவில்லை.

புதிய முறை எல்லா ஐயங்களையும் தீர்த்துவிட்டதா? இல்லை. கேமரா இல்லாத காடுகளுக்கு, கேமரா உள்ள காடுகளின் சுவட்டு விகிதத்தைக் கொண்டு எண் கணிப்பது எவ்வளவு தூரம் சரி என்று 2015இல் அர்ஜுன் கோபாலசாமி, கரந்த் முதலியோர் எழுதிய கட்டுரை கடுமையாகக் கேட்டது. வனவிலங்கு நிறுவனத்தார் மறுமொழி எழுதினர். பூசல் இன்றுவரை ஓயவில்லை. மூலப் படங்களையும் தரவுகளையும் வெளியார் எவ்வளவு எளிதாகப் பெற முடிகிறது என்பதும் அப்பூசலில் ஒரு பகுதி. புகைப்படத்தின் சிறப்பே பிறர் சரிபார்க்கலாம் என்பதுதான் எனும்போது இந்தக் கேள்வி சிறியதன்று. 2022 மதிப்பீட்டில் படங்கள் 4 கோடியே 70 இலட்சத்தைத் தாண்டின. புலிகளின் சராசரி மதிப்பு 3,682 என அறிவிக்கப்பட்டது.

எண்ணிக்கைக்கு அப்பால், ஒரு தனிப்புலியின் உயிரே வரிகளைச் சரியாகப் படிப்பதைச் சார்ந்திருக்கும் தருணங்களும் உண்டு. 2021 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நடந்தது அத்தகையது. டி-23 என்று பெயரிடப்பட்ட ஆண்புலி நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்டது. மக்களின் அச்சமும் சினமும் நியாயமானவை. வேட்டைக்கு ஆணை பிறந்தது. அந்தக் காட்டில் உலவும் புலி அது ஒன்றுதான் என்றிருந்தால் சிக்கலில்லை. முதுமலையை ஒட்டிய அப்பகுதியில் புலிகள் பல. உடனே கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. தானியங்கிக் கேமராக்களில் விழுந்த படங்களின் வரிகளைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, இதுதான் அது என்று உறுதிசெய்துகொண்டே தேடல் நடந்தது. மூன்று வாரத் தேடலின் முடிவில் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடித்து மைசூருக்குச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். வரி மாறியிருந்தால் வேறொரு புலி அங்கே போயிருக்கும், அல்லது இறந்திருக்கும்; ஊர் மறுநாளும் அஞ்சிக்கொண்டிருந்திருக்கும்.

இதுவரை சொன்னவை யாவும் 'யார்?' என்ற கேள்வியைச் சுற்றியவை. 'எப்படி இருக்கிறது?' என்ற கேள்வியைக் கணினிப் பார்வை வேறிடங்களில் கேட்கத் தொடங்கிவிட்டது. 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் எலியின் முகத்தில் வலியைப் படிக்க ஓர் அளவுகோல் வகுத்தனர்: இடுங்கும் கண், புடைக்கும் மூக்கும் கன்னமும், பின்வாங்கும் காது, விறைக்கும் மீசை. 2017இல் கேம்பிரிட்ஜில் செம்மறியாட்டின் முகத்திலிருந்து வலியைக் கணினியே கண்டறியும் முயற்சி நடந்தது. காட்டுப்புலிக்கு அத்தகைய அளவுகோல் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால் குவியலில் செய்தி இருக்கிறது. கழுத்தில் கம்பிக் கண்ணி இறுகிய புலி, ஒரு காலை ஊன்றாமல் நடக்கும் புலி, சென்ற முறை மூன்று குட்டிகளோடு வந்து இம்முறை ஒன்றோடு வரும் தாய்ப்புலி ஆகியவை கேமராவில் விழத்தான் செய்கின்றன. அப்படத்தைப் பார்க்கும் கண் எவ்வளவு விரைவில் பார்க்கிறது என்பதைப் பொறுத்துக் கண்ணி அறுபடும், அல்லது புலி அறுபடும். கோவை மதுக்கரையில் 2024 முதல் இயங்கும் ஏற்பாடு இந்த விரைவைத்தான் குறிவைக்கிறது. ரயில் பாதையோரக் கோபுரங்களில் உள்ள கேமராக்கள் யானையின் உருவைக் கண்டதும் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை போகிறது. 2021 நவம்பரில் அப்பகுதியில் ஒரே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்ததன் பின்னணியில் அது வந்தது.

இனி, அந்தக் குவியலில் இருக்கும் மனிதர்கள். காட்டுப் பாதையில் முழங்கால் உயரத்தில் கட்டிய கேமரா, வருவது புலியா விறகு சுமக்கும் பெண்ணா என்று பார்த்துப் படம் பிடிப்பதில்லை. பிரித்தெடுப்பது பின்னால்தான். கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் திரிஷாந்த் சிம்லாய் 14 மாதங்கள் தங்கி 270 பேரிடம் பேசி மேற்கொண்ட ஆய்வு 2024இல் வெளியானது. சாம்பியன் கம்பி கட்டிய காடுகளுக்கு அண்மையில் உள்ளவை அந்த ஊர்கள். விறகுக்கும் புல்லுக்கும் மூலிகைக்கும் காட்டுக்குள் போகும் பெண்களுக்குக் காடு உழைக்கும் இடம் மட்டுமன்று. வீட்டின் கெடுபிடிகளிலிருந்து விலகிச் சற்று மூச்சுவிடும் இடமும் அதுவே. 2017இல் ஒதுங்கப் போன ஒரு பெண் புலிக் கேமராவில் பதிவானார். அந்தப் படம் கைபேசி கைபேசியாகப் பரவியது. அவருடைய ஊரார் சினந்து கேமராக்களை உடைத்தெறிந்தனர். வேறு வகையிலும் கேமரா அங்கே வாழ்வை மாற்றியிருந்தது. காட்டில் கூட்டமாகப் போகும்போது உரக்கப் பேசியும் பாடியும் நடப்பது அப்பெண்களின் வழக்கம். அந்த ஓசை கேட்டால் புலியும் யானையும் விலகிப்போகும். பாட்டு அவர்களுக்குக் காவல். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சத்தில் கேமரா இருக்கும் பாதைகளில் அவர்கள் இப்போது பாடுவதில்லை. கேமராவைத் தவிர்க்கப் பழகாத வழிகளில் புதருக்குள் புகுந்து போகிறார்கள்.